நாச்சிக்குடாவிலிருந்து எந்த வணிகப் பள்ளிக்கு? ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் முதல் கிழமை. பின்னேரம் நான்கு மணி இருக்கும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்த பிள்ளை, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் தன் பையிலிருந்து ஒரு வெறும் தகரப் பேணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சேர், இதின்ரை அடியை ஒருக்காப் பாருங்கோ."

பேணியின் அடியில் கறுப்பு மையில் ஒரு தொகுதி இலக்கம். சுற்றிவர எல்லாம் ஆங்கிலம். நண்டுச் சதை, நிறை ஒரு இறாத்தல், அதாவது 454 கிராம், எப்போதும் குளிரில் வைக்கவும். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு எந்த நாள் அவித்த நண்டு, எந்தக் கரையில் இறங்கியது, எந்த மேசையில் சதை பிரித்தார்கள் என்று அவளால் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியும். சொல்லியும் காட்டினாள். அந்த மேசையில் அன்று இருந்த ஐந்து பெண்களில் ஒருவர் அவளுடைய அம்மா.

"கரையிலை கிலோ என்ன விலை எண்டும் தெரியும் சேர். அங்கை கடையிலை இந்தப் பேணி என்ன விலைக்குப் போகுது, அந்த விலையை ஆர் முடிவெடுக்கினம் எண்டுதான் தெரியேல்லை. நான் அதைப் படிக்க வேணும். அதுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?"

இந்த நிகழ்வு ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். கேள்வி முதல் நாளே சரியாக இருந்தது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் நான்கு மாதம் வேறு வேறு பக்கம் அலைந்தோம். அந்த அலைச்சலை எழுதி வைத்தால் வன்னியில் இருந்து விண்ணப்பிக்கப் போகிற அடுத்த பிள்ளைக்கு நான்கு மாதம் மிச்சமாகும் என்று அவளே சொன்னாள். தன் பெயரையும் வேலை செய்யும் இடத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே இங்கே அவள் பிள்ளைதான். நான் அவளுக்கு உயர்தரத்தில் வணிகம் படிப்பித்தவன்.

பின்னணி

நாச்சிக்குடா, கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில், பூநகரிப் பிரதேசத்தில் இருக்கிறது. மன்னார் வீதியில் முழங்காவிலைத் தாண்டி வந்தால் கடல் மணம் வரத் தொடங்கும். அப்பா நண்டு வலை போடுபவர். 2008 இல், பிள்ளைக்குப் பத்து வயதில், அந்தக் கரைச் சனம் முழுக்க போரால் கிழக்கே இடம்பெயர்ந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு வவுனியாவில் மெனிக் பாம் அகதி முகாம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வள்ளமும் இல்லை. பள்ளிக்கூடம் இரண்டு வருடம் போல் தடைப்பட்டது. அம்மா ஒரு சொப்பிங் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்களைச் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டே எல்லா இடமும் போயிருந்தார். அந்தப் பை பிறகும் இந்தக் கதையில் வரும்.

2018 இல் பிள்ளை பம்பைமடுவுக்கு வணிகம் படிக்கப் போனாள். சேரும்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட் 1 இல் அது வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. கொரோனா, 2022 நெருக்கடி எல்லாம் தாண்டி 2023 தொடக்கத்தில் படிப்பை முடித்து, அடுத்த மாதமே ஊருக்குக் கிட்டவுள்ள நண்டு பதனிடும் ஆலை ஒன்றில் தரப் பதிவேடு பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். சம்பளம் மாதம் 60,000 ரூபா.

அந்த ஆலைக்குள் ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். வெள்ளை மேலங்கி, தலைக்கு வலை, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. அவித்து ஆறின நண்டை எடுத்து ஓட்டைக் கழற்றி, சதையை இடம் பார்த்துப் பிரிக்கிறார்கள். நீந்தும் கால் உடம்போடு பொருந்தும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய தசை இருக்கிறது. அது உடையாமல் முழுசாக வந்தால் முதல் தரம். கொஞ்சம் உடைந்தாலும் அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடும், விலையும் இறங்கிவிடும். அம்மா பெருவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு சின்ன அழுத்து அழுத்தினார். தசை அப்படியே கழன்று வந்தது. விரல் நுனியெல்லாம் ஓடு கீறின வெள்ளைக் கோடுகள். அந்த ஒரு அழுத்தின் விலையைத்தான் பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் பிடிபட்டது.

பாக்கு நீரிணை நண்டுச் சதையில் பெரும்பங்கு போவது அமெரிக்காவுக்கு. 2025 ஏப்ரல் 2 இல் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. ஒரு கிழமைக்குள் அதை 90 நாள் தள்ளிவைத்து 10 வீதம் என்றார்கள். ஜூலையில் 30 என்றார்கள். ஓகஸ்ட் 7 இல் 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டளைகளை நிறுத்தி வைத்த அந்த ஏப்ரலில், ஆலையில் அவித்தது வழமையில் பாதிதான். சதை பிரிக்கிறவர்களுக்கு நாட்கூலி. வேலை இல்லாத நாளுக்குக் காசு இல்லை. அம்மா நாலு நாள் வீட்டில் இருந்தார். அந்த நாலாம் நாள்தான் பிள்ளை பேணியோடு என்னிடம் வந்தாள்.

முதல் பிழை: தரவரிசையில் தொடங்கியது

இது என் பிழை. எம்பிஏ என்றதும் நான் அவளைத் தரவரிசைப் பட்டியலுக்கு அனுப்பினேன். பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை 1999 முதல் வெளியிடும் பட்டியலை எடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

இன்சியாட் என்ற பிரெஞ்சு வணிகப் பள்ளி எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. 1957 இல் தொடங்கியது, பாரிசுக்குக் கிட்ட பொன்தென்புளோவில் ஒரு வளாகம், 2000 இல் இருந்து சிங்கப்பூரில் இன்னொன்று, பத்தே மாதத்தில் எம்பிஏ. ஒரு நாட்டுக்காரர் வகுப்பை நிறைக்காமல் பார்த்துக்கொள்வது அதன் பெருமை. அமெரிக்காவில் தண்டர்பேர்ட் என்று ஒரு பள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அரிசோனாவில் அமைத்த விமானப் பயிற்சித் தளத்தில், போர் முடிந்து 1946 இல், சர்வதேச வணிகம் ஒன்றைப் படிப்பிப்பதற்காகவே தொடங்கினார்கள். இன்று அது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. போர்த்தளம் ஒன்று பள்ளிக்கூடமான கதை வன்னிக்காரருக்குச் சும்மா வாசித்துவிட்டுப் போகிற கதை அல்ல. பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தாள்.

பிறகு செலவைப் பார்த்தோம். இன்சியாட் கட்டணம் மட்டும் 1 இலட்சம் யூரோவைத் தாண்டும். எங்கள் காசில் 3 கோடி ரூபாவுக்கு மேல். கொப்பியில் அந்த எண்ணை எழுதிவிட்டு அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

காசு மட்டும் காரணம் என்றால் புலமைப்பரிசில் தேடியிருக்கலாம். பட்டியல் எதை அளக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலின் புள்ளிகளில் 16 வீதம் படித்து மூன்று வருடம் கழிந்தவர்களின் சம்பளத்துக்கு. இன்னொரு 16 வீதம் சம்பளம் எவ்வளவு கூடியது என்பதற்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம். 'சர்வதேசம்' என்பதையும் அளக்கிறார்கள். ஆனால் வகுப்பிலும் ஆசிரியர்களிலும் எத்தனை பேர் வெளிநாட்டவர் என்று பார்த்து. திரும்பிப் போய்ப் பூநகரியில் ஒரு ஆலையின் விலைப் பேச்சை மாற்றுகிற பட்டதாரி அந்தப் பட்டியலில் பள்ளியின் புள்ளியைக் குறைக்கத்தான் செய்வாள். பட்டியல் பிழை என்று நான் சொல்லவில்லை. லண்டனிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடுபவருக்கு அது நல்ல கருவி. பிள்ளையின் கேள்விக்கு அது பொருந்தாது.

தரச்சான்றுகள் பற்றி ஒரு சின்னக் குறிப்பு, ஏனென்றால் விளம்பரங்களில் இதை வைத்துத்தான் பிள்ளைகளை மயக்குகிறார்கள். வணிகப் பள்ளிகளுக்கு மூன்று பெரிய சான்றுகள் உண்டு: 1916 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, ஐரோப்பாவின் ஈக்விஸ், பிரித்தானியாவின் அம்பா. மூன்றும் உள்ள பள்ளியை மும்முடிப் பள்ளி என்பார்கள். உலகில் உள்ள வணிகப் பள்ளிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்குத்தான் மூன்றும் இருக்கிறது. ஆனால் ஹார்வர்டிடம் ஏஏசிஎஸ்பி மட்டும்தான். ஆகவே மூன்றும் இல்லாத பள்ளி மோசம் என்று ஒருவரும் முடிவெடுக்கத் தேவையில்லை. ஒன்றுமே இல்லாமல் 'உலகத்தரம்' என்று பெரிய எழுத்தில் போடுகிற இடத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அம்பா சான்று பெற்ற எம்பிஏவுக்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவளிடம் இருந்தது இரண்டு வருடமும் சில மாதமும்.

காசு காட்டுவது

மே மாதம் முகவர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனோம். ஊர், பெயர் வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு வருட சர்வதேச வணிக முதுமாணி, கட்டணம் 18,000 பவுண். பள்ளிக்கூடத்தின் பெயரை நாங்கள் இரண்டு பேரும் கேள்விப்பட்டதில்லை. பாடத்திட்டம் கேட்டோம், ஒரு வண்ணத்தாள் தந்தார். வகுப்பில் எத்தனை பேர், யார் என்று கேட்டோம். "எங்கடை பிள்ளையள் கனபேர் அங்கை இருக்கினம், தனிமையா இராது" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் உலகத்தைப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அது பதில் அல்ல.

கணக்கை நான் அங்கேயே இருந்து போட்டேன். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் கட்டணம் 72 இலட்சம். லண்டனுக்கு வெளியே என்றால் அப்போது மாதம் 1,136 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவுக்கு வங்கியில் காசு இருக்க வேண்டியிருந்தது. அது 10,224 பவுண், ஏறக்குறைய 41 இலட்சம். வருடத்துக்கு 776 பவுண் மருத்துவக் கட்டணம் வேறு. விமானச்சீட்டும் வீசாக் கட்டணமும் சேர்க்காமலே ஏறக்குறைய 1 கோடி 16 இலட்சம் வந்தது. பிள்ளையின் பதினாறு வருடச் சம்பளம்.

"காசு காட்டுறது பிரச்சினை இல்லை, நாங்கள் ஒழுங்கு செய்வம்" என்றார் முகவர். வன்னியில் இந்தச் சொல்லை விளங்காதவர் இல்லை. 28 நாள் வங்கிக் கணக்கில் காசு கிடக்க வேண்டும் என்பது விதி. அந்த 28 நாளுக்கு வட்டிக்குக் காசு எடுத்துப் போட்டு, வீசா வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். அங்கே போய் இறங்கிய முதல் மாதத்திலேயே பிள்ளையிடம் செலவுக்குக் காசு இருக்காது. படிப்பைக் கவனிக்காமல் இரவு வேலைக்கு ஓடும். இப்படிப் போய் ஒரு பாடமும் முடிக்காமல் கடனோடு நிற்கிற என் மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவர்களுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தேன்.

சரி, வங்கிக் கடன் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் வன்னிக்கென்று ஒரு தனிச் சிக்கல். இங்குள்ள பெரும்பாலான குடியேற்றக் காணிகளுக்கு உறுதி கிடையாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச அனுமதிப்பத்திரம்தான் இருக்கும். வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், பிள்ளைக்கு எழுதலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு இலட்சக்கணக்கில் கடன் கேட்டு அதை ஈடாக நீட்டினால் வங்கி முகாமையாளர் தலையை ஆட்டுவார். கொழும்பில் ஒரு குடும்பம் அரை ஏக்கரை வைத்துச் செய்வதை, பூநகரியில் ஐந்து ஏக்கர் இருந்தும் செய்ய முடியாது. வணிகப் பள்ளி தெரிவு செய்வது பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. எங்களுக்கு இதுதான் முதல் வடிகட்டி: ஈடு கேட்காத பள்ளி எது?

அந்த மே மாதத்திலேயே பிரித்தானிய அரசு, படித்து முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை செய்யக்கூடிய காலத்தை இரண்டு வருடத்தில் இருந்து 18 மாதமாகக் குறைக்கப் போவதாகவும் சொன்னது. பிறகு அது 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு என்று உறுதியானது. முகவரின் வண்ணத்தாளில் இரண்டு வருடம் என்றுதான் போட்டிருந்தது. அந்தக் கதவை அத்துடன் மூடினோம்.

வலையும் படிப்பும்

இந்தியாவைப் பற்றி நான் சொன்னபோது தயங்கியது நான்தான். அப்பாவின் வலைகள் மூன்று தரம் இந்திய இழுவைப்படகுகளில் அறுபட்டுப் போனவை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. கடலில் அது நிற்கவில்லை. ஒரு தொகுதி நண்டு வலை போனால் மீண்டும் கடன், மீண்டும் கடன் தரும் மீன் முதலாளியான சம்மாட்டியின் கையை எதிர்பார்ப்பது. அந்த மனிசனிடம் போய், மகளை அக்கரைக்குப் படிக்க அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் வலையில் இருந்த கல்லை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "வலையை அறுத்தவன் வேறை சேர், படிப்பிக்கிறவன் வேறை. நல்ல படிப்பெண்டால் போகட்டும்."

கொல்கத்தா, அகமதாபாத் ஐஐஎம்கள் (இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள்) 1961 இல் தொடங்கியவை. திருச்சி ஐஐஎம் 2011 இல் வந்தது. வெளிநாட்டு வர்த்தகத்துக்கென்றே 1963 இல் தொடங்கிய ஐஐஎஃப்டி டெல்லியில் இருக்கிறது. பிள்ளையின் கேள்விக்கு மிகக் கிட்டவாக இருந்தது அதுதான். பலாலியில் இருந்து சென்னைக்கும், 2025 மார்ச் முதல் திருச்சிக்கும் விமானம் போகிறது. இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புக்கு உண்டு. பெரிய ஐஐஎம்களுக்கு வெளிநாட்டவர் ஜிமாட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதிப் போகலாம். ஜிமாட் இப்போது சுருங்கிவிட்டது: 45 நிமிடம் வீதம் மூன்று பகுதி, புள்ளி 205 இல் இருந்து 805 வரை. கட்டணம் 275 டொலர் அளவில். அதுவே அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஆகவே முதலில் யாழ்ப்பாணம் போய் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதுவது, ஜிமாட்டைத் தேவை வந்தால் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஜிமாட் புள்ளி ஐந்து வருடம் செல்லும், ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான். எதை எப்போது எழுதுவது என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தியத் தெரிவை நாங்கள் தள்ளிவிடவில்லை. இரண்டாவது இடத்தில் வைத்தோம்.

கேள்விக்குத் திரும்பியது

ஓகஸ்டில் ஒரு நாள் நான் அந்தப் பேணியை மறுபடி மேசையில் எடுத்து வைத்தேன். அது அதுவரை எங்கள் வீட்டில்தான் கிடந்தது, பேனைகள் போட்டு வைத்திருந்தோம். "இதுக்குப் பதில் சொல்லுற பள்ளிக்கூடம் எது எண்டு மட்டும் பாப்பம்" என்றேன்.

பிள்ளை அப்போது ஒரு நல்ல வேலை செய்தாள். ஏழெட்டுப் பள்ளிகளின் பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் ஒரே மூன்று கேள்வி எழுதினாள். வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் எந்த நாடு, என்ன தொழில்? ஒரு சின்ன உற்பத்தியாளர் பெரிய வாங்குபவரோடு விலை பேசுவதைப் பற்றி எந்தப் பாடத்தில் படித்தீர்கள்? உங்கள் வகுப்பில் எத்தனை பேர் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள்? பலர் பதில் போடவில்லை. போட்டவர்களின் பதில்களில் இருந்து நாங்கள் கற்றது எந்தப் பட்டியலிலும் இல்லாதது. பெரிய பெயர்ப் பள்ளியில் படித்த ஒருவர் மனம்விட்டு எழுதியிருந்தார்: அங்கே எடுத்துப் பார்த்த நிறுவனங்கள் எல்லாம் வாங்குபவர் பக்கம் இருந்தவை. விநியோகிப்பவர் என்றால் அட்டவணையில் ஒரு வரி. அந்த வரிக்குள்தான் அம்மாவின் பெருவிரல் இருக்கிறது.

எனக்கு 'உலகளாவிய பார்வை' என்ற சொல்லின் பொருள் அந்தக் கடிதத்தில்தான் மாறியது. வகுப்பில் நாற்பது நாட்டவர் இருந்தாலும், எல்லோரும் ஒரே பக்கத்துக் கதிரையில் இருந்து சந்தையைப் பார்த்தால் அது ஒரு நாட்டு வகுப்புத்தான். பிள்ளைக்குத் தேவைப்பட்டது கானாவில் கொக்கோ விற்பவரும், வியட்நாமில் இறால் வளர்ப்பவரும், பெருவில் கோப்பிச் சங்கம் நடத்துபவரும் பக்கத்தில் இருக்கிற வகுப்பு.

அப்படி ஒன்று இருப்பதைக் காட்டித் தந்தது அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படித்த அயல் வீட்டுப் பொடியன். டிஏஏடி என்ற ஜேர்மன் பரிமாற்ற அமைப்பைப் பார்க்கச் சொன்னான். வளர்ந்துவரும் நாடுகளின் தொழில் அனுபவக்காரருக்கு அவர்கள் புலமைப்பரிசில் கொடுக்கும் முதுமாணிப் படிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் எம்பிஏ ஒன்று, சிறு, நடுத்தர நிறுவனங்களின் மேம்பாடு பற்றியது. ஆங்கிலத்தில் நடக்கிறது. செப்ட் என்று சுருக்கி அழைப்பார்கள். அந்தப் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் எடுத்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டும் அவளுக்குப் பொருந்தின. வேலை அனுபவத்தில் சில மாதம்தான் கூடுதலாக இருந்தது, ஆனாலும் பொருந்தியது.

புலமைப்பரிசில் இல்லாமல் ஜேர்மனிக்குப் போவது என்றால் ஒரு வருடச் செலவுக்கென 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட வேண்டும், ஏறக்குறைய 41 இலட்சம் ரூபா. அதையும் காட்டுவதற்கு வழி இல்லை. ஆகவே புலமைப்பரிசில் கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் கடன் பட்டுப் போவதில்லை என்று முதலே பேசி வைத்தோம். அப்பா அதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்காகவே அந்த முடிவு சரி என்று நினைக்கிறேன்.

(வணிகம் படிப்பிக்கிறவன் என்பதால் இதையும் சொல்ல ஆசை. லைப்சிக் பழைய சந்தை நகரம். 1497 இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அதன் சந்தைக்குப் பேரரசுச் சலுகை கொடுத்தார். பொருளின் விலையை யார் தீர்மானிப்பது என்று ஐந்நூறு வருடமாகச் சண்டை பிடித்த ஊர். பிள்ளைக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது.)

முதலாளியின் கடிதம், பல்கலைக்கழகத்தின் இரண்டு பெயர்

விண்ணப்பத்துக்கு வேலைத்தலத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முடிந்தால், திரும்பி வந்தால் வேலைக்கு எடுப்போம் என்ற உறுதியும். ஆலை முகாமையாளர் முதலில் தயங்கினார். "வந்தால் எடுக்காமல் விடுவமே? எழுதித் தர என்னத்துக்கு?" என்றார். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு நிர்வாகம் தன்னைப் பிடிக்கும் என்ற பயம். பிள்ளை அவரோடு வாதாடவில்லை. திரும்பி வந்து தான் செய்ய நினைப்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்: முதல் தரச் சதையின் அளவைக் கரை வாரியாகப் பதிந்து வாங்குபவரிடம் காட்டுவது, ஒரே நாட்டுச் சந்தையில் தங்கி நிற்காமல் இன்னும் இரண்டைத் தேடுவது, சதை பிரிப்பவர்களுக்குத் தரத்துக்கேற்ற கூலி. மூன்றாம் நாள் அவர் தலைப்புத்தாளில் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அந்த ஒரு பக்கம்தான் பிறகு அவளுடைய நோக்கக் கடிதத்தின் முதுகெலும்பாக ஆனது.

இன்னொரு சின்ன விசயம், ஆனால் இதில் கவனம் வேண்டும். 2021 க்கு முன்பின்னாகப் பம்பைமடுவில் படித்தவர்களின் பத்திரங்களில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர் வரும். வெளிநாட்டில் வாசிப்பவர் இது இரண்டு இடத்துப் படிப்போ என்று குழம்புவார். பெயர் மாறியதைத் திகதியோடு விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கி முன்னால் வைத்துவிடுங்கள்.

2009 ஐ எழுதுவதா

இதைத்தான் நான் நீளமாக எழுத விரும்பினேன்.

நோக்கக் கடிதத்தின் முதல் வரைவை பிள்ளை செப்டெம்பரில் கொண்டுவந்தாள். அது பதுங்குகுழியில் தொடங்கியது. செல் சத்தம், மழை, அம்மம்மாவை ரெட்டைவாய்க்காலுக்குக் கிட்ட விட்டுவிட்டு வந்தது. நான் வாசித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நல்ல எழுத்து. ஆனால் இரண்டாம் பக்கம் வந்தபோதும் நண்டு வரவில்லை, பேணி வரவில்லை.

"இப்பிடி எழுதினால்தான் கிடைக்கும் எண்டு சொல்லீச்சினம் சேர்" என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும்தான் சொல்கிறார்கள். வன்னிப் பிள்ளை என்றால் போரை எழுத வேண்டும், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று.

அந்தக் கடிதத்தை அவள் வீட்டில் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அம்மா சதை பிரிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "எங்கடை செத்தவீட்டுக்கு அவை மாக்ஸ் போடுறதோ?"

நான் இதற்கு எதிர்க்கதை எதுவும் வைத்திருக்கவில்லை. எழுதவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு அதை எழுதினால்தான் மற்றதெல்லாம் எழுத வரும், அவர்கள் எழுதட்டும். ஆனால் யாரோ கேட்பார்கள் என்பதற்காக எழுதக் கூடாது. பிள்ளை மூன்று நாள் கழித்து இரண்டாவது வரைவு கொண்டுவந்தாள். அதில் போருக்கு ஒரே ஒரு வசனம் இருந்தது: 2008 இல் இருந்து 2010 வரை இடம்பெயர்ந்திருந்ததால் இரண்டு வருடம் பள்ளிக்குப் போகவில்லை, அந்த இரண்டு வருடத்தையும் பிறகு படித்து ஈடுசெய்தேன். அவ்வளவுதான். கடிதத்தின் முதல் வரி பேணியின் அடியில் இருந்த இலக்கம். இரண்டாவது பந்தியில் அம்மாவின் பெருவிரல் அழுத்து. மூன்றாவதில் 44 வீதம், நாலு நாள் கூலி இல்லாமல் போனது. வாசிக்கிறவருக்கு இந்தப் பிள்ளை எதற்காக இந்தப் படிப்பைக் கேட்கிறது என்பதில் ஒரு சந்தேகமும் வராது. எனக்கும் வரவில்லை. எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இப்போது

விண்ணப்பம் போய்விட்டது. இதை எழுதும்போது முடிவு வரவில்லை. வராவிட்டால் அடுத்த வருடம் டெல்லிக்கும் திருச்சிக்கும் விண்ணப்பிப்பாள். அதற்கு ஜிமாட் கொப்பி இப்போதே திறந்தாகிவிட்டது. அதுவும் சரிவராவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏவை வேலை செய்துகொண்டே படிக்கலாம், அல்லது 1986 இல் தொடங்கிய கொழும்பு முதுநிலை முகாமைத்துவ நிறுவனத்துக்கு இரவு பஸ்ஸில் போய் வரலாம். இவை இரண்டையும் அவள் தோல்வியாக நினைக்கவில்லை. பேணியின் கேள்வியை அங்கேயும் கொண்டுபோகலாம் என்கிறாள்.

சான்றிதழ்களை எல்லாம் ஸ்கான் பண்ணி அனுப்பும் நாளில் அம்மா அந்தப் பழைய சொப்பிங் பையை எடுத்து வந்தார். பிறப்புச் சான்றிதழின் மடிப்பில் மை அழிந்து ஒரு எழுத்து வாசிக்க முடியவில்லை. பூநகரிப் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுத்தோம். பழையதை அம்மா மறுபடி பையில் போட்டு, அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டார்.

பிள்ளை இப்போது சனிக்கிழமைகளில் ஆலையில் கூடுதலாக இரண்டு மணித்தியாலம் நிற்கிறாள். தன் இடத்துக்கு வரக்கூடிய முழங்காவில் பெட்டை ஒருத்திக்குத் தொகுதி இலக்கம் போடப் பழக்குகிறாள். நாள், கரை, மேசை. நான் போனபோது நாலாவதாக ஒரு நிரலும் கோடு போட்டு வைத்திருந்தாள், தலைப்பு மட்டும் எழுதி, உள்ளே ஒன்றும் நிரப்பாமல்: அங்கே விற்ற விலை.